பறக்கும் ஆற்றல், நாற்பது மீட்டர்

இனி வரப்போவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வாயில் மிச்சமிருக்கும் ஏழு பற்களின் மேல் சத்தியம். பொய்யென்று யாராவது நிரூபித்தால் ஏழும் பிடுங்கித் தட்டில் வைத்துக் கொடுக்கப்படும். எட்டாவது ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. அதைச் சத்தியத்தில் சேர்க்கவில்லை. நாளைக்கு அது தானாக விழுந்து, சத்தியம் பொய்த்துவிட்டது என்று நாலு பேர் பேச இடம் கொடுக்கக் கூடாது.

‘புயல்மார்பன்’ என்ற தொலைக்காட்சித் தொடர் இருபத்தோரு ஆண்டுகளாக வியாழக்கிழமை தவறாமல் மாலை ஏழு மணிக்கு ஓடிக்கொண்டிருந்தது. கதை எளியது. ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் ஒரு புயல் குடியிருக்கிறது. கெட்டவர்களைக் கண்டால் மூச்சை இழுத்து ஒரு ஊது ஊதுவான். அவர்கள் அடுத்த தெருவில் போய் விழுவார்கள். பிறகு ஊருக்கு மேலே பறந்து போவான். எங்கே போகிறான் என்று இருபத்தோரு ஆண்டுகளில் யாரும் கேட்கவில்லை.

கதாநாயகருக்கு இப்போது அறுபத்து நாலு வயது. செவ்வாய்க்கிழமை காலையில் வருவார், நாற்காலியில் அமர்வார், முகவாயைக் கொஞ்சம் தூக்கிக் கொடுப்பார், அதை மட்டும் படம் பிடித்துக்கொண்டதும் வீட்டுக்குப் போய்விடுவார். முகவாய்க்குக் கீழே புயல்மார்பன் என்று பெயர் பெற்ற உடம்பு முழுவதும் வேறொருவருடையது. முகமூடியும் மேலங்கியும் மாட்டிக்கொண்டு பதினெட்டு ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்ததால் அவருக்குத் ‘தொங்கல்’ என்று பெயர் வந்துவிட்டது. வயது ஐம்பத்தொன்று. அவரது சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அவருக்கே இரண்டு தடவை மறந்திருக்கிறது.

ஒரு நாள் காலை கப்பிக்காரர், அதாவது தொங்கலை மேலே இழுத்துக் கீழே இறக்குகிறவர், அவரைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

“அண்ணே, ஆற்றல்ல மூணு புரி போயிருச்சு.”

இதை விளக்க வேண்டும். அந்தப் படப்பிடிப்புக் கொட்டகையில் ‘கயிறு’ என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது. தொடர் தொடங்கிய முதல் ஆண்டில், புயல்மார்பனின் முதுகில் கயிறு தெரிகிறது என்று ஒரு பார்வையாளர் எழுதிப் போட்டார். நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுத்தது. கயிற்றை மறைக்கவில்லை, சொல்லை நீக்கியது. அன்றிலிருந்து பொருள் பதிவேட்டில் அது இப்படித்தான் இருக்கிறது: ‘பறக்கும் ஆற்றல், எண்ணிக்கை ஒன்று, நீளம் நாற்பது மீட்டர், எட்டுப் புரி.’

“எட்டுல மூணு போனா அஞ்சு இருக்குல்ல?” என்றார் தொங்கல்.

“அஞ்சுல ரெண்டு இருக்கலாமா போகலாமான்னு யோசிச்சிட்டிருக்கு. நீங்க எழுபத்தி நாலு கிலோ. அடுத்த மாசம் ஆயிரத்து நூறாவது பகுதி. கோபுரத்து உச்சியிலேருந்து குதிக்கணும்னு கதையில எழுதிட்டாங்க. முப்பது மீட்டர். எனக்குப் பிடிச்சு இழுக்கத்தான் தெரியும், ஒட்டவைக்கத் தெரியாது.”

தொங்கல் நேரே பொருள் கிடங்குக்குப் போனார்.

கிடங்குக்காரர் நல்ல மனிதர். விண்ணப்பத் தாளை எடுத்துப் பேனாவை நாக்கில் தொட்டுக்கொண்டார். “புதுசு வேணும், சரி. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போட?”

“தேஞ்சு போச்சுன்னு போடுங்க.”

“எது?”

“கயி...”

கிடங்குக்காரர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “ஏன்யா, நான் நல்லா இருக்கிறது உனக்குப் பிடிக்கலையா? புயல்மார்பனோட பறக்கும் ஆற்றல் தேஞ்சு போச்சுன்னு நான் என் கைப்பட எழுதணுமா? அப்படின்னா என்ன அர்த்தம்? தொடரோட தரம் குறைஞ்சிருச்சுன்னு அர்த்தம். அதச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. உனக்கும் கிடையாது. தர நிலைபேற்று ஆணையத்துக்குத்தான் இருக்கு. அவங்களும் இதுவரைக்கும் ஒரு தடவகூடச் சொன்னதில்ல.”

“ஒரு தடவகூடவா?”

“நாலு மாடி, நூத்தி நாப்பது பேரு. சும்மாவா இருப்பாங்க? வாரா வாரம் பாத்துப் பாத்துத்தான் குறையலன்னு சொல்றாங்க.”

நாலு மாடி என்பது உண்மை. தொடரின் இரண்டாவது பகுதி வெளியானதும் ‘முதல் பகுதி அளவுக்கு இல்லை’ என்று யாரோ சொன்னதால் உண்டாக்கப்பட்டது அந்த ஆணையம். தொடருக்குக் கதை எழுதுகிறவர் ஒரே ஒருவர்; மதியத்துக்கு மேல் அவரே வேனும் ஓட்டினார். அந்தக் கதை நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் நூற்று நாற்பது பேர்.

அன்று வீட்டுக்குப் போய்த் தொங்கல் மனைவியிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. சுற்றி வளைத்தார்.

“வியாழக்கிழமை பாத்தியா?”

“பாக்காம? என்னிக்கு விட்டேன்?”

தொங்கல் தொடரைப் பார்த்ததே இல்லை. அது ஓடும் நேரத்தில் அவர் அடுத்ததற்காகத் தொங்கிக்கொண்டிருப்பார்.

“எப்படி இருந்துச்சு?”

“முன்ன மாதிரி இல்லீங்க. கதை சப்புன்னு இருக்கு. வில்லனா வர்றவன எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கு. அடுத்து என்ன பேசுவான்னு இங்க உக்காந்தே சொல்லிடலாம்.”

“அத விடு. நான்?”

மனைவி துணி மடிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தாள். யோசித்திருக்க வேண்டாம்.

“நீங்களுந்தான். பழைய நாள்ல நீங்க மேல எழும்பினா எனக்கு இங்க அடிவயிறு ஜில்லுன்னு ஆகும். இப்ப கொடியில துணி காயப்போட்ட மாதிரி இருக்கு.”

பதினெட்டு ஆண்டுகளில் தொங்கலுக்கு இரண்டு விலா எலும்பு உடைந்திருக்கிறது. அதெல்லாம் இவ்வளவு வலிக்கவில்லை.

மறுநாள் அவர் மனு எழுதிக்கொண்டு ஆணையத்துக்குப் போனார். வாசலில் இருந்தவர் மனுவை மேலோட்டமாகப் பார்த்தார். ‘குறைந்துவிட்டது’ என்ற சொல் கண்ணில் பட்டதும் தரைத்தளத்துக்குக் கை காட்டினார். அங்கே பலகையில் ‘பார்வையாளர் தேய்மானப் பிரிவு’ என்று எழுதியிருந்தது. தரம் குறைந்துவிட்டது என்று எழுதுகிற பார்வையாளர்களை அழைத்துச் சோதித்து, குறைந்தது தொடரா அவர்களா என்று கண்டறிவது அந்தப் பிரிவின் வேலை. இதுவரை வந்த எல்லோரிடமும் குறை அவர்களிடமே இருந்ததாகச் சுவரில் ஒரு வரைபடம் சொன்னது.

தேய்மான அதிகாரியான அம்மாள் அவரை உட்காரச் சொல்லிக் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“முதல்ல தொடரப் பாக்கறப்போ உங்க வயசு என்ன?”

“நான் பாக்கறதில்லீங்க. நான்தான் பறக்கிறவன்.”

“பறக்கிறவர் புயல்மார்பன்.”

“ஆமாங்க மேடம். அவருக்குப் பதிலா நான்.”

“அவருக்குப் பதிலா யாரும் கிடையாது. இது எங்க கையேட்டுல முதல் வரி.” அவர் பரிவோடு சொன்னார். “கவலப்படாதீங்க. நிறைய பேருக்கு இப்படி இருக்கும். ஒருத்தர் வந்து அவர்தான் அந்தப் புயல்னே சொன்னார். பல்லு விழுந்திருக்கா? தூக்கம் எப்படி? சின்ன வயசுல சாப்பிட்டது ருசியா இருந்த மாதிரி இப்ப இல்லன்னு தோணுதா?”

“தோணுதுங்க.”

“பாத்தீங்களா?” என்று எழுதிக்கொண்டார். பிறகு எழுந்து, எடை பார்க்கும் கருவியைக் காட்டினார். “ஏறுங்க. பார்வையாளரும் இல்ல, புயல்மார்பனும் இல்லன்னா உங்கள எந்தத் தலைப்புல போடறது? எதையாவது எழுதித்தான ஆகணும்.”

ஒரு மணி நேரம் கழித்துத் தொங்கல் கையில் ஒரு அட்டையோடு வெளியே வந்தார். அதில் ‘தொங்கு எடை, எழுபத்து நாலு கிலோ, பேசக்கூடியது’ என்று இருந்தது. ஆனாலும் மனுவில் எண் விழுந்துவிட்டது. மூன்றாம் மாடியில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். குதிக்க வேண்டிய நாளுக்கு ஒன்பது நாள் முன்னால்.

விசாரணை மண்டபத்தில் பன்னிரண்டு உறுப்பினர்கள் அரைவட்டமாக இருந்தார்கள். முதலில் எல்லோரும் எழுந்து நின்று தொடரின் தலைப்புப் பாடலை முழுவதும் கேட்டார்கள். பாடலில் ‘நெஞ்சம் விரியும்’ என்று வரும் இடத்தில் பன்னிரண்டு பேரும் மூச்சை இழுத்து மார்பை விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். அடுத்த அடி வரும்போதுதான் விடலாம். அடுத்த அடி நாற்பது விநாடி கழித்து வரும். மூத்த உறுப்பினர் ஒருவர் நீலமாகிப்போனார். அவரைப் பக்கத்தில் இருந்தவர்கள் கையைப் பிடித்து உட்காரவைத்ததும் தலைவர் தொண்டையைச் செருமினார்.

“தரம் குறைந்துவிட்டதா என்ற கேள்விக்கு இந்த ஆணையம் அஞ்சுவதில்லை. வாரந்தோறும் அதை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்கிறோம். எப்படிக் கேட்கிறோம்? இந்த வாரப் பகுதியைப் போன வாரப் பகுதியோடு ஒப்பிட்டு, நூற்றுக்கு மதிப்பெண் இடுகிறோம். வித்தியாசம் ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் இருந்தால் குறைவு. ஒன்றுக்குக் கீழே இருந்தால் அது வெறும் அசைவு. உயிருள்ள எதுவும் அசையும். சென்ற வாரம் அரை மதிப்பெண் அசைந்தது. அதற்கு முந்தைய வாரம் அரை. அதற்கும் முந்தைய வாரம் அரை. இப்படியொரு நிலைபேற்றை உலகத்தில் வேறெங்கும் காட்ட முடியாது.”

கைதட்டினார்கள்.

தொங்கல் பள்ளிக்கூடத்தில் கணக்கில் மோசமில்லை. கையைத் தூக்கினார். “ஐயா, வாரம் அரை அரையா அசைஞ்சா, ஆயிரம் வாரத்துக்கு ஐந்நூறு ஆகுதே. மொத்தமே நூறுதான?”

பன்னிரண்டு தலைகளும் அவர் பக்கம் திரும்பின. தலைவர் கோபப்படவில்லை, இரக்கப்பட்டார்.

“நீங்கள் கூட்டுகிறீர்கள். ஆணையம் கூட்டுவதில்லை. ஒவ்வொரு வாரத்தையும் அதற்குரிய மரியாதையோடு தனித்தனியாகப் பார்க்கிறோம். கூட்டிப் பார்ப்பது பழையதை மனத்தில் வைத்துக்கொண்டு புதியதை வஞ்சிக்கும் புத்தி. அதுவும் போக, ஒவ்வொரு ஆண்டுத் தொடக்கத்திலும் மறுபடி நூறிலிருந்து ஆரம்பிக்கிறோம். ஆகவே நீங்கள் அஞ்சும்படி எதுவும் தீர்ந்துபோக வழியே இல்லை.”

“கூட்டல எனக்கு வேணாம் ஐயா. புரி தேஞ்சு போச்சு. அவ்வளவுதான். குதிச்சா நான் இருக்க மாட்டேன்.”

“ஆற்றலைக் கொண்டு வாருங்கள்” என்றார் தலைவர்.

இரண்டு பேர் சிவப்புத் துணி விரித்த தட்டில் நாற்பது மீட்டரையும் சுருட்டி எடுத்து வந்து மேசையில் வைத்தார்கள். நடுவில் ஓரிடத்தில் அது எலி கடித்த கூந்தல் போலச் சிலும்பிக்கொண்டு நின்றது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பது சாதாரணப் பார்வையாளருக்கு இல்லாத வசதி என்று ஒரு விதி இருந்தது.

“ஒப்பிட வேண்டும்” என்றார் தலைவர். “போன வார ஆற்றல் எங்கே?”

செயலர், மெல்லிய குரல்காரர், தாளைப் புரட்டினார். “இதுதான் ஐயா போன வாரத்ததும்.”

“இதுவேதானா?”

“இதுவேதான் ஐயா.”

“இதற்கும் இதற்கும் வித்தியாசம்?”

“இல்லை ஐயா.”

தலைவர் தொங்கலைப் பார்த்துச் சிரித்தார். ஒரு குழந்தையின் பயத்தைப் போக்கிவிட்ட தகப்பனின் சிரிப்பு அது. “பார்த்தீர்களா?”

“ஐயா, எட்டுப் புரி இருந்துச்சு!”

“எந்த வாரம் ஏழானது?”

“தெரியாதுங்க. கொஞ்சம் கொஞ்சமா...”

“கொஞ்சம் கொஞ்சமாக!” தலைவர் உறுப்பினர்கள் பக்கம் திரும்பினார். “மனுதாரரே ஒப்புக்கொள்கிறார். அசைவு.”

அப்போது நிபுணர் என்று அழைக்கப்பட்டிருந்த பேராசிரியர் எழுந்தார். “நான் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். இதைத் தேய்மானம் என்று சொல்வது கொச்சை. தொடக்க காலத்தில் இந்த ஆற்றல் எட்டுப் புரியில் பரந்து கிடந்தது. ஆரம்ப கால ஆர்வம் அப்படித்தான் இருக்கும். இன்று அதே வேலையை ஐந்து செய்கிறது. ஒரு படைப்பு முதிர்ச்சி அடையும்போது தேவையற்றவை உதிர்கின்றன. நாளைக்கு இரண்டு புரியில் இதே எடை நிற்குமானால், அதுவே தொடரின் பொற்காலம்.”

“நிக்கலன்னா?” என்றார் தொங்கல்.

பேராசிரியர் அதற்குத் தயாராக வந்திருந்தார். “நிற்கவில்லை என்றால் எடையின் தரத்தை ஆராய வேண்டியிருக்கும்.”

அன்று மாலையே தீர்மானம் தட்டச்சாகி வந்தது. பறக்கும் ஆற்றல் நிலையாக இருக்கிறது. வதந்திகளைத் தவிர்க்கும் பொருட்டு, சிலும்பி நிற்கும் இடத்தில் ஆணையத்தின் ஈய முத்திரை பொருத்தப்படுகிறது. முத்திரையிட்ட பொருளை இழுத்துப் பார்ப்பதோ, மெழுகு தடவுவதோ, முடிச்சுப் போடுவதோ குற்றம். மனுதாரர் குதிக்க மறுப்பாரானால், குறைந்தது அவரே என்று பதிவு செய்யப்படும்.

கப்பிக்காரர் முத்திரையைத் தூக்கிப் பார்த்து வாயில் வந்ததைச் சொன்னார். அது இங்கே எழுதத்தக்கதல்ல.

“இதுவே ஒன்னரக் கிலோ இருக்குதுண்ணே! எங்க பிஞ்சு இருக்கோ அங்கயே கொண்டாந்து கட்டியிருக்கான்! இவ்வளவு நாளு மெழுகப் போட்டு, நைசா நூலச் சுத்தி ஓட்டிட்டிருந்தேன். அதுக்கும் ஆப்பு வெச்சுட்டானுங்க. நீங்க மனு போடாமலே இருந்திருக்கலாம்.”

“எனக்குத் தெரியும்யா” என்றார் தொங்கல்.

இந்தத் தடவை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“போகாதீங்க.”

“போகலன்னா நான்தான் குறைஞ்சவன்னு எழுதுவாங்க.”

“எழுதட்டுமே. எழுதினா என்ன உடம்புல முளைக்கவா போகுது?”

“நீயே சொன்னியே, துணி காயப்போட்ட மாதிரின்னு.”

“ஐயோ, அது ஏதோ வாய்க்கு வந்தது சொன்னேன்! அத ஒரு பேச்சுன்னு பிடிச்சிட்டுத் தொங்குவீங்களா?”

“தொங்கறதுதான எனக்குத் தெரிஞ்ச வேல” என்றார் அவர். சிரிக்கத்தான் சொன்னார். இரண்டு பேருமே சிரிக்கவில்லை. ஆயிரத்து நூறாவது பகுதியில் ஒரே ஒரு தடவை அவள் அடிவயிறு ஜில்லென்று ஆக வேண்டும் என்று அவர் மனத்துக்குள் இருந்தது. அதை அவர் வெளியே சொல்லவில்லை. ஐம்பத்தொரு வயதில் அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

குதிக்கும் நாள் வந்தது. கொட்டகைக்கு வெளியே சாரம் கட்டி, அட்டையில் கோபுரம் செய்திருந்தார்கள். கீழே அட்டையிலேயே ஒரு நகரம். ஆணையத்தின் பன்னிரண்டு பேரும் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார்கள். கீழே மெத்தை போடலாமா என்று கப்பிக்காரர் கேட்டார். ஆற்றல்மேல் அவநம்பிக்கை தெரிவிக்கும் பொருட்கள் முத்திரையிட்ட இடத்தில் கூடாது என்று செயலர் எழுத்து மூலம் பதில் கொடுத்தார். ஆம்புலன்ஸ் கேட்டதற்கும் அதே தாளில் கீழே ‘மேற்படி’ என்று எழுதியிருந்தார். தலைப்புப் பாடல் போட்டார்கள். எல்லோரும் நின்று மார்பை விரித்தார்கள். தொங்கல் முகமூடியைச் சரிசெய்துகொண்டு, மேலே இருந்து ஒரு தடவை வீடு இருக்கும் திசையைப் பார்த்துவிட்டுக் குதித்தார்.

முதல் பத்து மீட்டர் நன்றாகவே இருந்தது. அருமை என்றுகூடச் சொல்லலாம். மேலங்கி விரிந்தது, உடம்பு நேராக நின்றது. கப்பிக்காரர் பிறகு சொன்னார்: “அப்படி ஒரு எழுப்பு நான் அண்ணன்கிட்ட பத்து வருஷமாப் பாக்கல.” அதன் பிறகு முத்திரை இருந்த இடத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. தொங்கல் இரண்டு அட்டை வங்கிகளையும் ஒரு அட்டைக் காவல் நிலையத்தையும் துளைத்துக்கொண்டு தரைக்கு வந்து சேர்ந்தார்.

இடுப்பெலும்பு, வலது தொடை, கழுத்துப்பட்டை எலும்பு. ஆணையத்தின் குறிப்பேட்டில் அன்றைய பதிவு: ‘தரையிறங்குதல் திட்டமிட்டதைவிடச் சற்று விரைவாக நிறைவுற்றது. முத்திரை சேதமடையவில்லை.’

ஆஸ்பத்திரிக்கு மூன்றாம் நாள் செயலர் வந்தார். கட்டிலின் ஓரத்தில் ஒரு தாளை வைத்தார். ‘தொடரின் தரம் குறையவில்லை என்று என் சொந்தக் கண்ணால் கண்டு உணர்ந்து கையெழுத்திடுகிறேன்.’ கீழே பேனா.

“போட்டுட்டீங்கன்னா மருத்துவச் செலவு, ஓய்வு, எல்லாம் சட்டுன்னு ஆயிடும்.”

“போட மாட்டேன்.”

“ஏன் சார்?”

“கயிறு அறுந்துச்சு” என்றார் தொங்கல். பதினெட்டு ஆண்டுகளில் முதல் முறையாக அந்தச் சொல்லை முழுதாகச் சொன்னார். சொன்ன சுகத்தில் இன்னொரு முறையும் சொன்னார். “கயிறு! கயிறு அறுந்து நான் விழுந்தேன்! பன்னெண்டு பேரு பாத்தீங்க!”

பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். செயலர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

“சார், நான் உங்க பக்கந்தான். ஆனா விதியச் சொல்றேன். படப்பிடிப்புல நடக்கறது எங்களுக்கு வெறும் வதந்தி. ஒளிபரப்பானது மட்டுந்தான் உண்மை. வியாழக்கிழமை வரட்டும். இங்கதான் டிவி இருக்கே. நீங்களே பாருங்க. நீங்க விழுந்தது அதுல வந்துச்சுன்னா, உங்க மனுவுல நானே முதல் கையெழுத்துப் போடறேன். வரலன்னா நீங்க இதுல போடணும். நியாயமா இல்லியா?”

தொங்கல் யோசித்தார். முப்பது மீட்டர் விழுந்தாயிற்று. முப்பது ஆண்டு கழிந்தாலும் அதை மறைக்க முடியாது. “சரி” என்றார்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு வார்டில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் டிவிக்கு அடியில் கூடினார்கள். செயலர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டு வந்ததும் தன்னையறியாமல் எழுந்து மார்பை விரித்தார். மனைவி தலையணையை முட்டுக்கொடுத்து, தொங்கலின் தலை நேராக இருக்கும்படி பிடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் முறையாகத் தொங்கல் புயல்மார்பனைப் பார்த்தார்.

“கோபுரம்னு விளம்பரம் பண்ணானுங்க, மொட்டைமாடிதான இது?” என்றார் பக்கத்துக் கட்டில்காரர். “எல்லாத்துலயும் ஏமாத்து. முன்னெல்லாம் எப்படி எடுப்பானுங்க தெரியுமா? இப்ப ஏதோ கடனுக்கு எடுக்கறானுங்க.”

“சத்தம் போடாதீங்க” என்று நர்ஸ் அதட்டினார்.

புயல்மார்பன் மொட்டைமாடி விளிம்புக்கு வந்தான். ஒரு கணம் நின்றான். குதித்தான்.

விழவில்லை. காற்று அவனுக்காகவே அங்கே காத்துக்கொண்டிருந்தது போல ஏந்திக்கொண்டது. ஒரு முறை சாய்ந்து திரும்பினான், மேலங்கி ஒரு சுருக்கமில்லாமல் பின்னால் விரிந்தது, தெருக்களுக்கு மேலே தாழ்ந்து வந்து, ஒரு காலை முன்வைத்து, படியிறங்குகிறவனைப் போல நிலத்தில் நின்றான். வார்டில் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள்.

செயலர் தாளை எடுத்துக் கட்டிலில் விரித்தார்.

தொங்கல் பகுதி முடியும்வரை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு மனைவியைக் கேட்டார்: “புதுசா ஒருத்தன எடுத்துட்டாங்க. பாத்தியா?”

“பாத்தேன். உங்க கால்தூசிக்கு வருவானா?”

“அப்படிச் சொல்லாத. வயித்தெரிச்சல்ல சொன்னா பாவம். நல்லாப் பறக்கிறான். பயமே இல்ல அவன்கிட்ட. என் வாழ்நாள்ல நான் இப்படிப் பறந்ததில்ல. கயிறும் புதுசு போட்டிருப்பாங்க, பாரு, துளி ஆட்டமில்ல.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எனக்குக் கேட்டப்போ குடுக்கல” என்றார் தொங்கல். “பரவால்ல. வேற ஒருத்தனுக்காவது குடுத்தாங்களே.” இடது கையை நீட்டினார். செயலர் பேனாவை விரல்களுக்கு நடுவில் பொருத்திவிட்டு, தாளின் அடியில் அட்டை பிடித்தார். தரம் குறையவில்லை என்று தன் சொந்தக் கண்ணால் கண்டு உணர்ந்து, தொங்கல் கையெழுத்திட்டார். பல நாள் எழுதாத சொந்தப் பெயர் என்பதால் இரண்டாவது எழுத்தில் சற்றுத் தடுமாறினார்.

ஒளிபரப்பு அறையில் புதிய பகுதிகளை ஏற்றும் இயந்திரம் பத்து ஆண்டுகளுக்கு முன்பே பழுதாகி, அன்றிலிருந்து நிலையம் பழைய பகுதிகளையே முதலிலிருந்து வரிசையாகத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கிறது. அன்று வார்டில் பறந்தது நாற்பது வயதுத் தொங்கல்.